லேப்டாப் கீல் பிய்ந்துவிட்டதா? ஒட்டுவதற்கு முன் நட்டைத் தளர்த்துங்கள்

மூடியைத் திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். பார்த்தால் கீலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் வாயைப் பிளந்திருக்கும். கீல் போச்சு என்றுதான் நினைப்போம். பெரும்பாலும் இரும்புக் கீல் நன்றாகவே இருக்கும். அதைத் தாங்கும் பிளாஸ்டிக்தான் உடைந்திருக்கும். அதற்குள் மிளகு அளவில் பித்தளை நட்டுகள் பதித்திருப்பார்கள். கீல் இறுகிப்போனால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த நட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்து வரும்.

என் தங்கையின் லேப்டாப்பை முதலில் வெறுமனே ஒட்டிக் கொடுத்தேன். மூன்றே வாரத்தில் அதே இடத்தில் பிய்ந்தது. கீலின் இறுக்கம் அப்படியே இருந்ததுதான் காரணம்.

சின்ன பிளஸ் ஸ்க்ரூடிரைவர், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டும் சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் கிடைக்கும். அரால்டைட்டும் உப்புத்தாளும் தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைக்காதீர்கள். அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

1. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, அடிமூடியைத் திறங்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கலாம். ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இருக்காது; ஒரு அட்டையில் லேப்டாப் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

2. பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதைத் தொடாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள்.

3. கீல் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கீலை ஒட்டியே டிஸ்ப்ளே கேபிள் போகும், அது இழுபடக் கூடாது.

4. இதுதான் முக்கியம். கீல் தண்டின் முனையில் ஒரு நட்டு இருக்கும். அதை இடப்பக்கமாகக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, கழற்றிய கீலைக் கையால் அசைத்துப் பாருங்கள். இன்னும் முரண்டு பிடித்தால் மறுபடி கொஞ்சம். கீல் லேசாகத் திரும்ப வேண்டும், ஆனால் விட்ட கோணத்தில் நிற்க வேண்டும். சில கீல்களில் நட்டே இருக்காது. அப்போது மாடல் எண்ணைச் சொல்லிப் புதுக் கீல் வாங்குவதுதான் வழி.

5. உடைந்த இடத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பித்தளை நட்டைக் கீலோடு சேர்த்து ஸ்க்ரூவில் மாட்டியே பொருத்துங்கள், அப்போதுதான் துளை நேராக வரும். ஸ்க்ரூ மரையில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் பசை பிடிக்காது. அரால்டைட்டின் இரண்டு குழாயிலிருந்தும் சம அளவு பிதுக்கி, நன்றாகக் குழைத்து, ஒரு குச்சியால் நட்டைச் சுற்றி நிரப்புங்கள். நட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் தூண் தூள் தூளாகிப் போயிருந்தாலும் இந்தக் கலவையாலேயே அதைக் கட்டி எழுப்பலாம். ஃபெவிக்விக் வேண்டாம். சீக்கிரம் ஒட்டும், ஆனால் இந்த இழுவையில் கண்ணாடி மாதிரி நொறுங்கிவிடும்.

6. முழுசாக 24 மணி நேரம் தொடாதீர்கள். அப்புறம் பேட்டரி கனெக்டரைச் செருகி, அடிமூடியை மூடுங்கள்.

இனிமேல் மூலையைப் பிடித்து இழுக்காமல், மேல் விளிம்பின் நடுவில் பிடித்துத் திறங்கள்.