ஐ.எம்.ஏ. வேறு, மெடிக்கல் கவுன்சில் வேறு

தவறான சிகிச்சை என்று சந்தேகம் வந்தால், இந்திய மருத்துவ சங்கத்துக்கு, அதாவது ஐ.எம்.ஏ.வுக்குப் புகார் எழுதிவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட. மாதங்கள் வீணாகும்.

ஐ.எம்.ஏ. 1928ல் கல்கத்தாவில் தொடங்கிய, நவீன மருத்துவம் படித்த டாக்டர்கள் விருப்பப்பட்டுச் சேரும் சங்கம். ஒருவர் தொழில் செய்யும் உரிமையைக் கொடுப்பதும் பறிப்பதும் அதன் கையில் இல்லை. அந்த அதிகாரம் சட்டப்படி அமைந்த மாநில மருத்துவ கவுன்சிலுக்குத்தான். நம் ஊரில் அது தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். தேசிய அளவில், பழைய இந்திய மருத்துவ கவுன்சிலின் இடத்துக்கு 2020 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. டாக்டரின் தொழில்முறை ஒழுக்கக்கேடு பற்றிய புகார் மாநில கவுன்சிலுக்கு, இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு. 1995ல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்த வழக்கில், அது கூடாது என்று வாதாடிய தரப்பு ஐ.எம்.ஏ. தன் உறுப்பினர்களுக்காகப் பேசுவது ஒரு சங்கத்தின் வேலை, அதில் தப்பில்லை. ஆனால் அதையே நடுவராக நினைத்துப் போகக் கூடாது.

டாக்டர்களும் தவறு செய்கிறார்கள். ஆயுள் சந்தா கட்டி, சான்றிதழை கிளினிக் சுவரில் மாட்டியதோடு பலர் சங்கத்தை மறந்துவிடுகிறார்கள். ஐ.எம்.ஏ. மூன்று அடுக்காக இயங்குகிறது: ஊர்க் கிளை, மாநிலக் கிளை, டெல்லி தலைமையகம். பொதுவாக ஊர்க் கிளை வழியாகத்தான் உறுப்பினர் ஆக முடியும். மேலே மத்திய கவுன்சிலில் உட்காரும் பிரதிநிதிகளும் கீழிருந்துதான் போகிறார்கள். ஊர்க் கிளைக் கூட்டத்துக்குப் போகாமல் 'டெல்லியில் என்னென்னமோ முடிவு எடுக்கிறார்கள்' என்று குறைப்படுவது எனக்கு நியாயமாகத் தெரியவில்லை. வேறு ஊருக்கு மாறினால் உறுப்பினர் பதிவையும் மாற்றிக்கொள்ளுங்கள், பழைய கிளையின் பட்டியலில் பெயரை விட்டுவிடாதீர்கள்.

தேசியத் தலைவர் சொன்னால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. அவருடைய பதவிக்காலம் ஒரு வருடம்தான். அன்றாட நிர்வாகம் கௌரவப் பொதுச் செயலாளரிடம் இருக்கிறது. அதனால் கோரிக்கை மனுவைத் தலைவருக்கு மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம், ஐ.எம்.ஏ. என்றால் எல்லா டாக்டர்களும் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பல் மருத்துவர்களுக்குத் தனிச் சங்கம், தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களுக்குத் தனிச் சங்கங்கள், சித்த மருத்துவர்கள் இதில் வரமாட்டார்கள். கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனை மருத்துவரின் படுகொலைக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 17 காலை 6 மணி முதல் 24 மணி நேரத்துக்கு ஐ.எம்.ஏ. பணிப் புறக்கணிப்பு அறிவித்தபோது, ஆஸ்பத்திரியே மூடிவிடும் என்று பயந்தவர்கள் உண்டு. அவசர சிகிச்சைக்கு அந்த அறிவிப்பிலேயே விலக்கு இருந்தது. இப்படி ஓர் அழைப்பு வரும்போது தலைப்பை மட்டும் படித்துவிட்டு அவசர நோயாளியை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து கேளுங்கள்.