எம்.ஆர்.ஐ. சிடியில் பார்வை நரம்பைத் தேடுவது எப்படி?

கேரட் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் தம்பி சொன்னான்: "அக்கா, வலது கண்ணுல பார்த்தா கேரட்டெல்லாம் வெளுத்துத் தெரியுது." கண்ணை உருட்டினால் வலியும் இருந்தது. கோத்தகிரியிலிருந்து கோவைக்கு இறங்கி ஸ்கேன் எடுத்தோம். பார்வை நரம்பு அழற்சி, காரணம் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்கும் நோய்) என்றார்கள். கையில் ஒரு சிடியும் வந்தது. அதைப் பார்க்க நான் பழகிய முறை இது. நோயைக் கண்டுபிடிக்க அல்ல, டாக்டர் பேசுவது புரிவதற்கு.

முதலில், திரையின் இடப்பக்கம் என்பது நோயாளியின் வலப்பக்கம். எதிரே நிற்பவரைப் பார்ப்பது போல. இது தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க நல்ல கண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, கண்குழிக்கு எடுத்த கோரோனல் (முகத்துக்கு இணையாக, முன்னிருந்து பின்னாக அடுக்கடுக்காக எடுத்த) படங்களில் 'ஸ்டிர்' அல்லது 'ஃபேட் சாட்' என்றிருக்கும் வரிசையைத் திறங்கள். நரம்பைச் சுற்றிலும் கொழுப்பு. சாதாரணப் படத்தில் அது வெள்ளையாக மின்னி, மஞ்சு இறங்கின தேயிலைத் தோட்டம் மாதிரி எல்லாவற்றையும் மறைத்துவிடும். இந்த வரிசையில் கொழுப்பு கறுத்துப்போயிருக்கும்.

விழி பெரிய வெள்ளை உருண்டையாகத் தெரியும். மவுஸை உருட்டிப் பின்னால் போங்கள். உருண்டை மறைந்ததும், சுற்றிலும் தசைகள் நிற்க நடுவில் ஒரு சாம்பல் புள்ளி. அதுதான் பார்வை நரம்பு. அதைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பயப்படாதீர்கள். அது நரம்பின் உறைக்குள் இருக்கும் நீர், எல்லோருக்கும் உண்டு. கவனிக்க வேண்டியது நடுப்புள்ளியை. மறுகண்ணின் புள்ளியைவிட வெளுத்து, சற்றுப் பருத்திருக்கிறதா?

காடோலினியம் என்ற, அழற்சியை எடுத்துக்காட்டும் மருந்தை ஊசியில் போட்டு எடுத்த டி1 வகைப் படத்தில், புது அழற்சி பளிச்சென்று தெரியும். சில வாரங்களில் அது அடங்கிவிடும். ஸ்டிர் படத்தின் வெண்மையோ பார்வை திரும்பிய பிறகும் தங்கலாம். தம்பிக்குக் கேரட் நிறம் ஏறக்குறையத் திரும்பிவிட்டது, புள்ளி இன்னும் வெள்ளைதான். இந்த நோயை உறுதிசெய்ய டாக்டர்கள் பின்பற்றும் மெக்டொனால்ட் விதிகளை 2024-இல் திருத்தியபோது, பாதிப்பைத் தேடும் இடங்களில் ஐந்தாவதாகப் பார்வை நரம்பையும் சேர்த்துக்கொண்டார்கள். என்னைக் கேட்டால், எப்போதோ சேர்த்திருக்க வேண்டும்.

அப்புறம், நீரைக் கறுப்பாக்கி மூளையின் திட்டுகளைக் காட்டும் ஃப்ளேர் வரிசை. இரு நரம்புகளும் மூளையின் அடியில் சந்தித்து, பாதி இழைகள் பக்கம் மாறுகின்றன. அதற்குப் பின்னால் அடிபட்டால், இரண்டு கண்ணிலும் காட்சியின் ஒரே பக்கம் மங்கும். மூளை நடுவே கறுப்பாகத் தெரியும் நீரறைகளின் பின்கொம்பை ஒட்டித்தான் பார்வைப் பாதை பிடரிப் பக்கம் போகிறது. அந்த ஓரத்தில் வெள்ளைத் திட்டுகளைத் தேடுங்கள். ஆனால் ஒற்றைத் தலைவலி, ரத்த அழுத்தம், வயது இவற்றாலும் வெள்ளைப் புள்ளிகள் வரும்; அதைப் பிரித்துச் சொல்வது டாக்டர் வேலை.

நரம்பிழை எவ்வளவு மெலிந்தது என்பதைக் கண் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஓசிடி (விழித்திரையை ஒளியால் எடுக்கும் ஸ்கேன்) மைக்ரான் கணக்கில் காட்டும். சில நிமிட வேலை, ஊசி கிடையாது.

மேட்டுப்பாளையம் வெயிலில் தம்பிக்குப் பார்வை மங்கும், மலையேறி உடம்பு குளிர்ந்தால் தெளியும். இழைகளின் மேலுறை தேய்ந்த நரம்பு சூட்டில் சரியாகச் சேதி கடத்தாது. இதற்கு உட்ஹாஃப் என்று பெயர். அந்த மங்கலை மட்டும் சிடியில் தேடாதீர்கள், இருக்காது.