தொடரின் ஐந்தாம் பாகம் மட்டும் கையில் கிடைத்தால்

குமுளியிலும் மூணாறிலும் இருந்துகொண்டு ஆங்கில நாவல் படிக்கிறவர்களுக்கு ஒரு தொடரின் எல்லாப் பாகங்களும் வரிசையாகக் கிடைப்பது அரிது. வாசகசாலை அலமாரியில் நன்கொடையாக வந்த ஐந்தாம் பாகம் இருக்கும். முதல் பாகத்தை எவரோ எடுத்துப்போய்த் திருப்பித் தந்திருக்க மாட்டார்கள். விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தில் நீராவி இயந்திரங்களும் ஆவிகளும் சேர்ந்து உலவுகிற ஸ்டீம்பங்க் தொடர் என்றால் சிக்கல் இன்னும் கூடும். அந்த உலகம் எந்தச் சட்டங்களின்படி இயங்குகிறது என்பது பெரும்பாலும் முதலிரண்டு பாகங்களிலேயே சொல்லி முடிக்கப்பட்டிருக்கும். முன்பாகங்களைப் படித்து மறந்துபோனவர்களுக்கும் கீழே சொல்லும் முறை பொருந்தும்.

முதலில் புத்தகத்தின் முன்பக்கங்களில் உள்ள பட்டியலைப் பாருங்கள். வெளிவந்த வரிசையும் கதை நடக்கும் வரிசையும் வேறுபட்டால், வெளிவந்த வரிசையையே நம்புவது நல்லது. முன்கதையாகப் பின்னர் எழுதப்பட்ட பாகங்கள், வாசகருக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணத்தில் எழுதப்படுபவை. அடுத்து முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். புதிய வழக்கு ஒன்றோடு கதை தொடங்கினால் தயங்காமல் உள்ளே போகலாம். முந்தைய பாகத்தின் சண்டை ஓயாத நிலையில், காயம்பட்டவர்களோடு தொடங்கினால், நான்காம் பாகத்தின் கடைசி இரண்டு அத்தியாயங்களையாவது தேடிப் படித்துவிட்டு வருவதே மேல்.

இனி முக்கியமானதற்கு வருகிறேன். முன்பாகங்களின் சம்பவங்களை நினைவில் கொண்டுவர மெனக்கெட வேண்டாம். புது வாசகரை இழக்க விரும்பாத ஆசிரியர், தேவையான சம்பவங்களைப் பாத்திரங்களின் பேச்சு வழியாகத் தாமே நினைவூட்டிவிடுவார். சட்டங்களை அப்படி நினைவூட்டுவது குறைவு. ஆகவே ஒரு நோட்டில் இரண்டு பக்கங்களை ஒதுக்குங்கள். ஒன்றில் ஆவிகளைப் பற்றி எழுதுங்கள்: இறந்தவர்கள் எதைத் தொட முடியும், அவர்களை யார் பார்க்க முடியும், அவர்களை அழைப்பவர் அதற்கு என்ன விலை கொடுக்கிறார், எது அவர்களைத் தடுக்கிறது. மற்றொன்றில் இயந்திரங்கள்: அவை எதை எரித்து ஓடுகின்றன, யாருக்குச் சொந்தம், சாதாரண மனிதர் வீட்டில் அவை உண்டா இல்லையா. ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணையும் குறியுங்கள்.

ஐந்தாம் பாகம் அளவுக்கு நீண்டுவிட்ட தொடரில் ஏதாவது ஒரு சட்டம் மீறப்பட்டே தீரும். ஓடும் நீரைத் தாண்ட முடியாத ஆவி தேம்ஸ் நதியைத் தாண்டிவிட்டால், அது ஆசிரியரின் திட்டமா மறதியா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கதைக்குள் யாராவது திடுக்கிடுகிறார்களா என்று பாருங்கள். ஒருவராவது திடுக்கிட்டால் அது புதிருக்கான துப்பு. எவருமே கவனிக்காவிட்டால் ஆசிரியர் மறந்துவிட்டார் என்று கொள்ளலாம். இந்த ஒரு சோதனைக்காகவே நோட்டு எழுதலாம் என்பது என் கருத்து.

எது வரலாறு, எது கற்பனை என்பதையும் ஓரளவு பிரித்தறிய வேண்டும். சார்லஸ் பாபேஜ் 1830களில் பகுப்பாய்வு இயந்திரம் என்ற கணக்கிடும் இயந்திரத்தை வடிவமைத்தார். அதைப் பற்றி அடா லவ்லேஸ் எழுதிய குறிப்புகள் 1843இல் அச்சாயின. ஆனால் அந்த இயந்திரம் முழுமையாகக் கட்டப்படவே இல்லை. ஆகவே 1850களின் இலண்டனில் அது ஓடிக்கொண்டிருந்தால், கதையின் உலகம் நம் வரலாற்றிலிருந்து பிரிந்த இடம் அதுவே. இதற்கு மாறாக, கற்பனை போலத் தோன்றும் சில செய்திகள் உண்மையானவை. ஆன்றி ஜிஃபார் 1852இல் நீராவி எஞ்சின் பூட்டிய வான்கப்பலில் பாரிஸிலிருந்து ஏறத்தாழ 27 கி.மீ. பறந்தார். 1863இல் திறக்கப்பட்ட இலண்டன் சுரங்க இரயிலை நீராவி எஞ்சின்களே இழுத்தன. ஆவிகளோடு பேசும் கூட்டங்களும் நாவலாசிரியர்களின் கண்டுபிடிப்பல்ல: அமெரிக்காவில் ஃபாக்ஸ் சகோதரிகள் 1848இல் கிளப்பிய பரபரப்பு அட்லாண்டிக்கைத் தாண்டிப் பரவியது, 1882இல் அத்தகைய நிகழ்வுகளை ஆராய இலண்டனில் ஒரு கழகமே தொடங்கப்பட்டது. மறைஞானத்தில் ஈடுபாடு கொண்ட பிரம்மஞான சபை தன் தலைமையகத்தைச் சென்னை அடையாற்றுக்கு மாற்றியதும் அதே ஆண்டில்தான்.

நம் பக்கத்து வாசகருக்கு இந்த வகை நாவலில் ஒரு தனி உரிமை உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதில் தேயிலை வண்டியை மாடுகளைக் கொண்டு இழுத்தார்கள். 1908இல் அது நீராவி எஞ்சின் ஓடும் இருப்புப்பாதையாக மாறியது. டாப் ஸ்டேஷனிலிருந்து கயிற்றுவழியில் தேயிலை கீழே இறங்கிப் போடிக்குப் போயிற்று. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924இல் வந்த பெருவெள்ளம் அந்தப் பாதையை அழித்தது. மாடு இழுக்கும் மோனோ ரயிலை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்றே சொல்லியிருப்போம். இதே மலைகளில் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியது 1887க்கும் 1895க்கும் இடையில். அதற்கான குத்தகை ஒப்பந்தம் 1886இல் 999 ஆண்டுகளுக்குக் கையெழுத்தானது. ஆகவே கதையில் பேரரசின் செல்வம் மின்னும்போது, கரியை அள்ளிப் போடுபவர் யார், மேசையில் இருக்கும் தேயிலையைப் பறித்தவர் யார் என்று நோட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். நல்ல ஆசிரியர்கள் பிற்பாகங்களில் அந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். மற்றவர்கள் பித்தளைப் பற்சக்கரங்களை வருணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

பெயர்களில் கவனம் தேவை. சர் பட்டம் முதற்பெயரோடு வரும். லார்டு என்பது பெரும்பாலும் குடும்பப் பெயரோடோ ஊர்ப் பெயரோடோ வரும். மூன்றாம் பாகத்தில் வெறும் மிஸ்டராக இருந்தவர், அண்ணன் இறந்து பிரபுப் பட்டம் வந்ததும், ஐந்தாம் பாகத்தில் முற்றிலும் வேறொரு பெயரில் நடமாடுவார். அறிமுகமே இல்லாத ஒருவர் எல்லா இரகசியங்களும் தெரிந்தவராகப் பேசினால், அவர் பழைய ஆளா என்று ஐயப்படுங்கள். அக்காலப் பணக்கணக்கு எளிது: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 21 ஷில்லிங் ஒரு கினி.

படித்து முடித்தபின் முதல் பாகம் கிடைத்தால், யார் பிழைப்பார் என்பது தெரிந்துவிட்டதே என்று ஒதுக்க வேண்டாம். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீங்கள் ஊகித்து எழுதிய ஒவ்வொரு சட்டமும் அங்கே எப்படி முதன்முதலாகச் சொல்லப்படுகிறது என்று ஒத்துப்பாருங்கள். பாகங்களுக்கு இடையில் வெளிவரும் குறுநாவல்களைக் காசு கொடுத்து வாங்காமல் இருந்தாலும் பெரிய இழப்பில்லை.