தினம் ஒரு சின்ன அட்டை: வீட்டுத் துண்டு துணுக்குகளை வைத்து ஒட்டுச் சித்திரம்

தினமும் ஏதாவது வரைந்தே தீருவது என்று பலமுறை ஆரம்பித்திருக்கிறேன். பெரிய வெள்ளைத் தாளைக் கண்டதும் கை நின்றுவிடும். தாளை விட்டுவிட்டு, சீட்டுக்கட்டுச் சீட்டு அளவிலான அட்டைக்கு மாறிய பிறகுதான் பழக்கம் நிலைத்தது. 64 மி.மீ. அகலம், 89 மி.மீ. உயரம். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், சரியாக வரவில்லை என்றாலும் மனசு கனக்காது.

சேர்ப்பது

ஒரு காலணிப் பெட்டி போதும். அது நிறைந்தால் பழையதைக் கழித்துவிட வேண்டும். கடித உறைகளின் உட்பக்கத்தில் நீலத்தில் பொடிப்பொடியாக அச்சிட்டிருப்பார்களே, அதைத்தான் நான் முதலில் எடுத்து வைப்பேன். காய்கறி வரும் வலைப்பை, நூல் துண்டு, துணி ஓரம், பழைய நாள்காட்டித் தாள், பயன்படுத்தி உலர்த்திய தேநீர்ப் பை. அந்தத் தேநீர்ப் பைத் தாளைப் பசையில் நனைத்து ஒட்டினால், அடியில் இருக்கும் எழுத்து மங்கலாக மேலே தெரியும். காசு கொடுத்து வாங்கும் எந்தத் தாளிலும் எனக்கு அந்த மென்மை கிடைத்ததில்லை.

கடை ரசீதை மட்டும் சேர்க்காதீர்கள். பெரும்பாலான ரசீதுகளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கும் பூச்சுதான் எழுத்தாகத் தெரிகிறது. என் அட்டை ஒன்றில் நடுநாயகமாக ஒட்டிய ரசீது சில மாதங்களில் வெறும் வெள்ளைத் துண்டாகிவிட்டது.

அடுக்குவது

தின்பண்டப் பெட்டி அட்டையை ஒரு வாரத்துக்குச் சேர்த்து ஒரே நாளில் வெட்டி வைத்துவிடுங்கள். அச்சிட்ட பளபளப்புப் பக்கத்தில் பசை சரியாகப் பிடிக்காது, சாம்பல் நிறப் பக்கத்தில் வேலை செய்யுங்கள்.

அப்புறம் மூன்றே துண்டுகள்: ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று நகம் அளவு. கத்தரிக்கோலைவிடக் கையால் கிழிப்பதே எனக்குப் பிடிக்கும். கிழிந்த விளிம்பில் தெரியும் வெள்ளை நார் தானாகவே ஒரு கோடு போட்டுக் கொடுக்கும். சொற்கள் பாதியில் அறுபட்டாலும் பரவாயில்லை. ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த கூர்ட் ஷ்விட்டர்ஸ் டிராம் சீட்டுகளையும் பொட்டலக் காகிதங்களையும் ஒட்டியே படம் செய்தவர். ஒரு விளம்பரத்தில் இருந்த 'கொமெர்ட்ஸ்' (வணிகம்) என்ற ஜெர்மன் சொல்லின் அறுபட்ட மிச்சம்தான் 'மெர்ட்ஸ்'. 1919 முதல் தன் கலைக்கே அவர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்.

துண்டுகளை வைத்துப் பார்த்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு பசையைத் தொடுங்கள்.

ஒட்டுவது – என்னை வாரக்கணக்கில் அலைக்கழித்த இடம்

இரவில் தட்டையாக இருந்த அட்டை காலையில் படகு மாதிரி வளைந்து கிடக்கும். பசையை மாற்றினேன், புத்தகம் அடுக்கினேன். எடையை எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி வளைந்தது.

காரணம் காகிதத்தின் நார். இயந்திரத்தில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீள்வது குறைவு, பருப்பது அதிகம். அதனால் தாள் நாருக்குக் குறுக்கே விரிகிறது. விரிந்த நிலையில் ஒட்டி, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது.

இதற்கு மருந்து, பின்பக்கமும் ஒரு தாள் ஒட்டுவதுதான். முன்பக்கப் பெரிய துண்டும் பின்பக்கத் தாளும் ஒரே நார்த்திசையில் இருக்க வேண்டும். திசையை அறிய, தாளை மடிக்காமல் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் சுருள்கிறதோ, அந்தச் சுருளின் நீளவாக்கில்தான் நார் ஓடுகிறது. கிழித்தும் பார்க்கலாம்: நாரோடு போனால் நேராகக் கிழியும், குறுக்கே போனால் கோணிக்கொள்ளும்.

மூன்று பங்கு வெள்ளைப் பசை, ஒரு பங்கு தண்ணீர். தட்டைப் பிரஷால் மெல்லத் தடவி, ஒரு நிமிடம் விட்டு, தாள் தளர்ந்த பிறகு ஒட்டுங்கள். காலாவதியான பிளாஸ்டிக் அட்டையால் நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் காற்று போய்விடும். பிறகு இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தின் கீழ் ஓர் இரவு. க்ளூ ஸ்டிக்கில் ஈரம் குறைவு என்பதால் வளைவு வராது, ஆனால் என் அட்டைகளில் ஓரங்கள் சீக்கிரமே பிரிந்துவிட்டன. எனக்கு வெள்ளைப் பசைதான்.

மேல் வேலை

காய்ந்ததும் வலைப்பையை அட்டைமேல் இழுத்துப் பிடித்து, ஸ்பாஞ்சில் துளி அக்ரிலிக் வண்ணம் எடுத்து, ஈரமே இல்லாத அளவுக்குத் துடைத்துவிட்டு ஒற்றுங்கள். மீன் செதில் போல விழும். வண்ணம் அதிகமானால் வலைக்கு அடியில் கசிந்து அப்பிவிடும். பின்பக்கம் தேதியை எழுதுங்கள்.

பின்சேர்க்கை: அடுக்கி வைத்த அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அக்ரிலிக் காய்ந்த பிறகும், சூட்டிலும் அழுத்தத்திலும் இன்னொரு அக்ரிலிக் பரப்போடு பிடித்துக்கொள்ளும். இடையிடையே பட்டர் பேப்பர் வையுங்கள்.

இன்னொன்று: வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த படம் பசை பட்டதும் கரைகிறது என்று கேட்டிருந்தார்கள். அந்த மை பெரும்பாலும் தண்ணீரில் கரையக்கூடியது. லேசர் பிரிண்டரிலோ ஜெராக்ஸிலோ எடுத்தால் கரையாது. செய்தித்தாளுக்கும் இதையே செய்கிறேன். அந்தத் தாளில் உள்ள லிக்னின் (மரத்தின் நார்களைப் பிணைக்கும் பொருள்) வெளிச்சத்தில் பழுப்பேறும், அதனால் பிடித்த பகுதியை நல்ல தாளில் நகலெடுத்து அதைக் கிழித்து ஒட்டுகிறேன்.