இணையதளத்தில் பயனர்களின் சொடுக்குகளைப் பதிவு செய்வது எப்படி?

பதிவுப் படிவம் ஒன்றின் அடியில் இருந்த 'அனுப்பு' பொத்தானை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று அறிவதற்காக, அதன்மேல் ஓர் எண்ணியை நான் முதன்முதலில் பொருத்தியபோது, அது காட்டிய எண்ணிக்கைக்கும் தரவுத்தளத்தில் சேர்ந்திருந்த பதிவுகளுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. தரவுத்தளத்தில்தான் கோளாறு என்று எண்ணி இரண்டு நாள் அதையே துருவிக்கொண்டிருந்தேன். கோளாறு அங்கே இல்லை. பொத்தானை அழுத்திய பிறகு சர்வர் பதில் தருவதற்குச் சில நொடிகள் பிடித்தன. அதுவரை திரையில் எந்த மாற்றமும் தெரியாததால், அழுத்தியது சரியாக விழவில்லை என்று கருதிப் பலர் மறுபடியும் மறுபடியும் அழுத்தியிருந்தார்கள். கட்டங்களைத் தவறாக நிரப்பியதால் படிவம் ஏற்க மறுத்தவர்களின் அழுத்தங்களும் அதே கணக்கில் ஏறியிருந்தன. பொத்தானில் விரல் பட்டதும் வந்த வேலை முடிந்ததும் இரு வேறு நிகழ்வுகள் என்பதையும், இரண்டையும் தனித்தனியே பதிவு செய்யவேண்டும் என்பதையும் அன்றுதான் புரிந்துகொண்டேன். கீழே சொல்லப்படும் முறை முழுவதும் இந்த அடிப்படையில் அமைந்தது.

எந்தக் கருவியையும் திறப்பதற்கு முன், எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்பதைக் கேள்விகளாக எழுதிக்கொள்ளுங்கள். 'தேடல் பெட்டியைப் பயன்படுத்துபவர்கள் தேடியது கிடைக்காமல் திரும்பிப் போகிறார்களா?', 'நீண்ட பக்கத்தின் கடைசியில் உள்ள பதிவிறக்க இணைப்பு கண்ணில் படுகிறதா?' என்பவை போன்ற கேள்விகள் பயன் தருபவை. 'எல்லாச் சொடுக்குகளும் தெரியவேண்டும்' என்பது கேள்வியே அன்று. ஒவ்வொரு கேள்விக்கும் நேராக மூன்று செய்திகளைக் குறியுங்கள்: நிகழ்வின் பெயர், அது எந்தக் கணத்தில் பதிவாகவேண்டும், அதனோடு என்னென்ன விவரங்கள் சேர்ந்து செல்லவேண்டும். ஓர் எண் கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் எதையும் மாற்றப்போவதில்லை என்றால், அந்த வரியை அப்போதே அடித்துவிடலாம். என் அனுபவத்தில், முப்பது வரிகளோடு தொடங்கும் பட்டியல் இந்தச் சல்லடைக்குப் பிறகு பத்துக்குள் வந்து நின்றுவிடும்.

பெயர் வைப்பதில் சிறிது நேரம் செலவிடுவது நல்லது. 'பச்சைப் பொத்தான்' என்று பெயரிட்டால், வடிவமைப்பாளர் அதை நீலமாக்கும் நாளில் பெயர் பொய்யாகிவிடும். ஆகவே தோற்றத்தைக் கொண்டு பெயரிடாமல், செயலின் பொருளைக் கொண்டு பெயரிடவேண்டும். ஒரே செயலுக்குப் பக்கத்தின் மேலே ஒரு பொத்தானும் கீழே ஒரு பொத்தானும் இருந்தால், இரண்டு நிகழ்வுப் பெயர்களை உருவாக்காமல், ஒரே பெயரை வைத்து, 'இடம்' என்ற கூடுதல் விவரத்தில் மேலா கீழா என்று அனுப்புவதே பிற்பாடு கூட்டிப் பார்க்க வசதியானது. தளப் பயன்பாட்டை அளக்கும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் நிகழ்வுப் பெயர் 40 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. ஒரு நிகழ்வோடு 25 பாராமீட்டர்கள் (கூடுதல் விவரங்கள்) வரை அனுப்பலாம். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வெவ்வேறாகக் கருதப்படும் என்பதால், இருவர் இரு விதமாக எழுதினால் ஒரே நிகழ்வு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

தானாகக் கிடைப்பவை

கூகுள் அனலிட்டிக்ஸ் 2005-ஆம் ஆண்டு அறிமுகமானது. அதன் பழைய வடிவமான யுனிவர்சல் அனலிட்டிக்ஸின் இலவசக் கணக்குகள் 2023 ஜூலை 1 முதல் புதிய தரவை ஏற்பதை நிறுத்திவிட்டன. இன்றைய நான்காம் வடிவத்தில் பக்கப் பார்வை உட்பட எல்லாமே நிகழ்வுகளாகவே பதிவாகின்றன. அதில் 'மேம்பட்ட அளவீடு' என்ற வசதியை இயக்கி வைத்தால், வெளித்தளங்களுக்குச் செல்லும் இணைப்புகளின் சொடுக்கு, கோப்புப் பதிவிறக்கம், தளத்திற்குள் தேடல், பக்கத்தில் பதிக்கப்பட்ட யூடியூப் காணொளிகளின் இயக்கம், படிவச் செயல்கள், பக்கத்தின் 90 சதவீத ஆழம் வரை உருட்டியது ஆகியவை நிரல் எழுதாமலே கிடைக்கும்.

இங்கே பலர் தவறாக எண்ணிக்கொள்ளும் ஒன்று உண்டு. உங்கள் தளத்திற்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்திற்குச் செல்லும் இணைப்புகளும், பட்டியலைத் திறக்கும் பொத்தான்களும் இந்த வசதியில் பதிவாவதில்லை. தேடலும் முகவரியில் தேடுசொல் தெரிந்தால்தான் பதிவாகும். முகவரி மாறாமல் அதே பக்கத்தில் முடிவுகளைக் காட்டும் தேடல் பெட்டி இதன் கண்ணுக்குத் தெரியாது. படிவங்களுக்கான தானியங்கிப் பதிவை நான் நம்பி இருப்பதில்லை. படிவம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து அது கூடவோ குறையவோ எண்ணிவிடுகிறது.

டேக் மேனேஜர் வழி

தானாகக் கிடைக்காதவற்றைப் பதிவு செய்யப் பெரும்பாலானோர் தேர்ந்தெடுப்பது கூகுள் டேக் மேனேஜரை. அதன் நிரல் துண்டை எல்லாப் பக்கங்களிலும் ஒருமுறை சேர்த்துவிட்டால், பிறகு தளத்தின் நிரலைத் தொடாமலே எப்போது எதை அனுப்புவது என்பதை அங்கிருந்து அமைத்துக்கொள்ளலாம். முதலில், சொடுக்கின் விவரங்களைத் தாங்கும் வேரியபிள்கள் பகுதிக்குச் சென்று, சொடுக்கு தொடர்பானவற்றைத் தேர்வு செய்து இயக்கவேண்டும்; தொடக்கத்தில் அவை அணைந்தே இருக்கும். அடுத்து, எப்போது பதிவு செய்வது என்று சொல்லும் டிரிக்கர் ஒன்றை உருவாக்கும்போது, 'எல்லா உறுப்புகளும்', 'இணைப்புகள் மட்டும்' என்னும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். 'மேலும் அறிக' என்ற எழுத்தும் அதன் வலப்புறம் சிறிய அம்புக்குறி ஐகானும் கொண்ட பொத்தான் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். பக்கத்தின் நிரலில் பொத்தானுக்கு இடப்பட்ட கிளாஸ் பெயரைக் குறிப்பிட்டு 'எல்லா உறுப்புகளும்' வகை டிரிக்கரை அமைக்கிறீர்கள். எழுத்தின்மேல் அழுத்துபவர் பதிவாகிறார். அம்புக்குறியின்மேல் அழுத்துபவர் பதிவாவதில்லை. காரணம், அந்த வகை டிரிக்கர் விரல் பட்ட இடத்தில் எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் உறுப்பையே பார்க்கிறது. அது இங்கே ஐகான், பொத்தான் அன்று. சோதிக்கும்போது நாம் வழக்கமாக எழுத்தின் நடுவில்தான் அழுத்துவோம் என்பதால் இந்தக் குறை வெளியே தெரியாமலே மாதக்கணக்கில் ஓடும். இதைத் தீர்க்க, 'சிஎஸ்எஸ் செலக்டரோடு (பக்கத்தின் உறுப்புகளைச் சுட்டும் குறிப்போடு) பொருந்துகிறது' என்ற நிபந்தனையை எடுத்து, பொத்தானின் கிளாஸ், பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு அதே கிளாஸ், ஓர் இடைவெளி, ஒரு நட்சத்திரக் குறி என்று எழுதினால், பொத்தானும் அதனுள் இருக்கும் அனைத்தும் சேர்ந்து பொருந்தும். 'இணைப்புகள் மட்டும்' வகையில் இந்தத் தொல்லை இல்லை. உள்ளே எது அழுத்தப்பட்டாலும் அதைச் சூழ்ந்திருக்கும் இணைப்பை அதுவே தேடிக்கொள்ளும்.

பொத்தானில் தெரியும் எழுத்தை நிபந்தனையாக வைப்பது எளிதாகத் தோன்றினாலும் அதைத் தவிர்ப்பதே நல்லது. வாசகம் ஒரு சொல் மாறினாலும், பக்கம் வேறொரு மொழியில் காட்டப்பட்டாலும் பதிவு நின்றுவிடும். நிரலாளரிடம் சொல்லி, பதிவு செய்யவேண்டிய உறுப்புகளில் மட்டும் 'டேட்டா-' என்று தொடங்கும் ஒரு பண்பைச் சேர்க்கச் செய்து, அதையே நிபந்தனையாக வைத்துக்கொண்டால், வடிவமைப்பு எத்தனை முறை மாறினாலும் கணக்கு குலையாது.

சொந்தமாக நிரல் எழுதுவோருக்கு

ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியே கேட்பான் நிரலை (சொடுக்கு நிகழ்ந்ததும் இயங்கும் நிரலை) கட்டுவது தேவையற்ற வேலை. உலாவியில் ஓர் உறுப்பின்மேல் நிகழும் சொடுக்கு அதைச் சூழ்ந்த உறுப்புகள் வழியாக மேலேறி ஆவணத்தின் உச்சி வரை செல்லும் என்பதால், அந்த உச்சியில் ஒரே ஒரு கேட்பானை வைத்து, சொடுக்கு விழுந்த இடத்திலிருந்து மேல்நோக்கி 'டேட்டா-' பண்புள்ள மிக அருகிலுள்ள உறுப்பை 'குளோசஸ்ட்' என்ற செயற்கூறின் மூலம் கண்டுபிடித்தால் போதும். பின்னர் சேர்க்கப்படும் பொத்தான்களும் இதிலேயே அடங்கிவிடும். தளத்தின் வேறொரு நிரல் சொடுக்கை மேலேற விடாமல் நடுவழியில் நிறுத்தக்கூடும். அதனால் கேட்பானை 'கேப்சர்' கட்டத்தில், அதாவது நிகழ்வு மேலிருந்து கீழே இறங்கி வரும்போதே கேட்கும்படி அமைப்பது பாதுகாப்பானது.

அனுப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. இணைப்பை அழுத்தியவுடன் உலாவி அடுத்த பக்கத்திற்குப் புறப்பட்டுவிடுவதால், சாதாரணமாக அனுப்பிய கோரிக்கை பாதியில் கைவிடப்படலாம். செய்தி போய்ச் சேரும்வரை பயனரைக் காத்திருக்க வைக்கும் பழைய உத்தியை யாரும் பின்பற்றவேண்டாம். நம் கணக்குக்காக அவருடைய நேரத்தை எடுத்துக்கொள்வது முறையன்று. இதற்கென்றே உலாவிகளில் 'சென்ட்பீக்கன்' என்ற வசதி இருக்கிறது. பக்கம் மூடப்பட்டாலும் சிறிய செய்திகளைப் பின்னணியில் அனுப்பி முடித்துவிடும்.

பக்கத்தை முழுதாக மீண்டும் ஏற்றாமல் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றும் தளங்களில் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் கேட்பானைப் புதிதாகக் கட்டும்படி நிரல் அமைந்துவிட்டால், ஐந்தாம் திரையில் ஒரு சொடுக்கு ஐந்தாக எண்ணப்படும். வேறொரு தளத்திலிருந்து ஐஃப்ரேமாக, அதாவது பக்கத்துக்குள் ஒரு தனிப் பக்கமாக, பதிக்கப்பட்ட காணொளிப் பெட்டி, கட்டணப் பெட்டி போன்றவற்றுக்குள் விழும் சொடுக்குகள் உங்கள் பக்கத்தை எட்டவே எட்டா.

வெளியிடும் முன் சோதித்தல்

டேக் மேனேஜரின் முன்னோட்ட நிலையில் ஒவ்வொரு சொடுக்குக்கும் எந்த டேக் (செய்தியை அனுப்பும் நிரல் துண்டு) இயங்கியது, எது இயங்கவில்லை என்பது வரிசையாகத் தெரியும். அனலிட்டிக்ஸின் டீபக்வியூ பகுதியில் நிகழ்வும் அதன் விவரங்களும் வந்து சேர்கின்றனவா என்று பாருங்கள். பொத்தானின் ஓரத்தில், ஐகானின்மேல், விசைப்பலகையின் என்டர் விசையால், கைப்பேசியில் என்று நான்கு விதமாகவும் அழுத்திப் பார்க்காமல் வெளியிடாதீர்கள். வழக்கமான அறிக்கைகளில் தரவு முழுமையாகத் தெரிய 24 முதல் 48 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அன்று மாலையே எண் வரவில்லை என்று பதறவேண்டியதில்லை.

முதல் நாளிலேயே செய்துவிடவேண்டிய அமைப்புகள் இரண்டு. நீங்களாகச் சேர்த்த பாராமீட்டர்களைத் தனிப்பயன் பரிமாணங்களாக (நாமே வரையறுக்கும் அறிக்கைப் புலங்களாக) பதிவு செய்தால்தான் அவை அறிக்கைகளில் தோன்றும். பதிவு செய்வதற்கு முந்தைய நாட்களுக்கு அவை பின்னோக்கி நிரப்பப்படுவதில்லை. பயனர் அளவிலான தரவை வைத்திருக்கும் காலம் இயல்பாக 2 மாதம் என்றே இருக்கும்; இலவசக் கணக்கில் அதை 14 மாதமாக நீட்டிக்கொள்ளலாம்.

எண்கள் சொல்லாத காரணத்தை அறிய, எங்கே அதிகம் அழுத்துகிறார்கள் என்பதை நிறங்களால் காட்டும் வெப்பப்படக் கருவிகள் உதவும். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசமானது. ஒரே இடத்தில் வேகமாகப் பலமுறை விழும் ஆத்திரச் சொடுக்குகளையும், அழுத்தியும் எதுவும் நிகழாத வெற்றுச் சொடுக்குகளையும் அது பிரித்துக் காட்டும். இணைப்பு என்று நினைத்து மக்கள் அழுத்தும் படங்களை இதில் எளிதாகக் கண்டுகொள்ளலாம். தரவு வெளியே போகக்கூடாது என்பவர்கள், பிவிக் என்ற பெயரில் தொடங்கி 2018-இல் பெயர் மாறிய மாட்டோமோ என்ற அளவீட்டுக் கருவியைத் தங்கள் சர்வரிலேயே நிறுவிக்கொள்கிறார்கள்.

பயனரின் இசைவு தனியே சொல்லவேண்டிய ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. அங்குள்ள பயனர்களிடம் பகுப்பாய்வுக் குக்கிகளை (உலாவியில் சேமிக்கப்படும் சிறு குறிப்புகளை) வைப்பதற்கு முன் பொதுவாக இசைவு பெறவேண்டும். மின்னஞ்சல், பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றை அனலிட்டிக்ஸுக்கு அனுப்புவதை கூகுளின் விதிகளும் தடை செய்கின்றன. நாம் அறியாமலும் இது நடந்துவிடும்: படிவம் 'கெட்' முறையில் அனுப்பப்பட்டால், நிரப்பிய மின்னஞ்சல் அடுத்த பக்கத்தின் முகவரியில் ஒட்டிக்கொண்டு, அந்த முகவரியோடு சேர்ந்து அனலிட்டிக்ஸுக்கும் சென்றுவிடக்கூடும்.

எண்ணிக்கையைப் படிக்கும்போது, விளம்பரத் தடுப்பான்களாலும் இசைவு மறுப்பாலும் ஒரு பகுதி எப்போதும் விடுபட்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு பொத்தானை எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதைவிட, அதைக் கண்டவர்களில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதே பொருளுள்ள கணக்கு. டேக் மேனேஜரில் உள்ள 'உறுப்பு தென்படுதல்' டிரிக்கர், பொத்தான் திரைக்குள் வந்த கணத்தைப் பதிவு செய்யும். யாரும் கீழே வரையில் உருட்டாத பக்கத்தில் பொத்தானின் நிறத்தை மாற்றிப் பயனில்லை.

முதலில் சொன்ன படிவத்தில் பிற்பாடு செய்தது இதுதான்: அழுத்தியவுடன் பொத்தான் செயலிழந்து 'அனுப்பப்படுகிறது' என்று காட்டியது, அழுத்தியது ஒரு நிகழ்வாகவும், படிவம் ஏற்க மறுத்தது எந்தக் கட்டத்தில் என்ற விவரத்தோடு இரண்டாம் நிகழ்வாகவும், சர்வர் ஏற்றுக்கொண்டது மூன்றாம் நிகழ்வாகவும் பதிவாயின. மறுப்புகளில் மிகப் பெரும்பாலானவை தொலைபேசி எண் கட்டத்தில் குவிந்திருந்தன. எண்களுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதியவர்களை எல்லாம் படிவம் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. இடைவெளியை நீக்கிவிட்டு ஏற்றுக்கொள்ளும்படி நிரலில் ஒரு வரியைச் சேர்த்தோம்.