விலை ஒப்பீட்டுக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலையில் விகிதக் கணக்கு சொல்லித் தருகிறேன். அந்தக் காலத்தில் நான் செய்த அதே தவறுகளை ஒவ்வொரு புது வகுப்பும் செய்யும்போது மனசு கேட்பதில்லை. பெருக்கலில் சறுக்குவதெல்லாம் பயிற்சியில் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

எதை எதால் வகுத்தீர்கள்?

துவரம்பருப்பு 400 கிராம் 80 ரூபாய், 750 கிராம் 125 ரூபாய். ஒரு கிராம் விலைகளின் விகிதம் என்ன, எது மலிவு? பாதிப் பேர் 400-ஐ 80-ஆல் வகுத்து 5, 750-ஐ 125-ஆல் வகுத்து 6, எனவே விகிதம் 5:6, முதல் பொட்டலமே மலிவு என்று எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. வந்தது விலையே இல்லை, ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பு! விலை என்றால் கிராமுக்கு 1/5 ரூபாய், 1/6 ரூபாய். விகிதம் 6:5, மலிவு இரண்டாவதுதான். சின்ன வயதிலிருந்தே பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துப் பழகிய கை, கேள்வியைப் படிக்காமலே அந்தப் பக்கம் போய்விடுகிறது. கேள்வி தயாரிப்பவருக்கும் இது தெரியும், அதனால் 5:6, 6:5 இரண்டுமே விடைகளில் இருக்கும். தேர்வில் எனக்கு ஒன்றரை மதிப்பெண் இப்படித்தான் போனது, அதுவும் நன்றாகத் தெரிந்த கணக்கில், இன்றும் ஆறவில்லை. எந்தப் பக்கம் வகுத்தாலும் பரவாயில்லை, ஆனால் வெறும் 5 என்று எழுதாமல் 'ரூபாய்க்கு 5 கிராம்' என்று முழுதாக எழுதுங்கள். அப்படி எழுதினால் கூடுதலாகக் கிடைப்பதுதான் மலிவு என்று கண்ணுக்கே தெரியும்.

கூடுதலா, தள்ளுபடியா

'25 சதவீதம் கூடுதல்' என்றால் '20 சதவீதம் தள்ளுபடி'யைவிட லாபம் என்று உடனே டிக் அடிக்காதீர்கள். அதே 80 ரூபாய்க்கு 500 கிராம் என்றாலும், 400 கிராம் 64 ரூபாய் என்றாலும் கிராம் 16 பைசாதான்.

அலகு

பொட்டலத்தில் அச்சிடும் ஓரலகு விலை ஒரு கிலோவுக்குக் குறைவானதில் கிராமுக்கும், அதற்கு மேல் கிலோவுக்கும் இருக்கும். ஒரே அலகுக்கு மாற்றிய பிறகுதான் விகிதம்.

வரிசை

கேள்வியில் முதலில் சொன்ன பொருள்தான் விகிதத்திலும் முதலில் வரும்.