ஜப்பானியப் பெண்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் பினாங்கில் திரையிட விரும்புவோருக்கு

பினாங்கிலுள்ள ஓர் ஆலய மகளிர் குழுவோ வாசகர் வட்டமோ ஜப்பானியப் பெண்களின் வாழ்க்கையைக் காட்டும் ஆவணப்படங்களைத் தொடராகத் திரையிட எண்ணினால், ஒவ்வொரு படத்தையும் ஒரே கேள்வியால் சோதித்துப் பார்க்க வேண்டும்: இதில் பெண் தன் வாழ்க்கையைத் தானே சொல்கிறாளா? கிமோனோ உடையையும் கெய்ஷா என்னும் கலைமகளிரையும் காட்டி வியக்கவைக்கும் படங்கள் எளிதில் கிடைக்கும். ஆனால் அங்கே சமைப்பவர் யார், சம்பளம் வாங்குபவர் யார், முதியோரைப் பார்த்துக்கொள்பவர் யார் என்பதை அவை சொல்வதில்லை.

தொடக்கத்திற்கு நொபுதோமோ நவோகோ இயக்கி 2018-இல் வெளிவந்த "ஐ கோ காகா, மை டியர்" மிகப் பொருத்தமானது. மகளே இயக்குநராக இருந்து, ஹிரோஷிமா வட்டாரத்தின் கூரே நகரில் வாழும் தன் பெற்றோரைப் படம்பிடிக்கிறார். தாய்க்கு மறதிநோய் முற்ற முற்ற, தொண்ணூறு வயதைக் கடந்த தந்தை வீட்டுவேலைகளைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். அந்தத் தாய் பல்லாண்டுகள் செய்துவந்த வேலையின் அளவு, அவரால் அதைச் செய்ய முடியாமற்போன பிறகுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. நோயுற்ற மூத்தோரைப் பராமரித்த அனுபவம் நம் குடும்பங்களிலும் உண்டு என்பதால், இப்படத்திற்குப் பிறகு யாரையும் பேசத் தூண்ட வேண்டியிருக்காது.

அடுத்து, பிரெஞ்சு இயக்குநர் ஜூலியன் ஃபரோவின் "தி விட்சஸ் ஆஃப் தி ஓரியன்ட்" (2021). 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்று தங்கம் பெற்ற கைப்பந்து அணியின் கதை இது. அவ்வணியின் பெரும்பாலோர் ஒசாகாவுக்கு அருகிலுள்ள கைசூக்காவின் நூற்பாலைப் பெண்கள். பகலில் வேலை, அது முடிந்ததும் இரவு நெடுநேரம் வரை பயிற்சி. முதுமையடைந்த அவர்களே தங்கள் கதையைச் சொல்வதால் இப்படம் நம் சோதனையில் தேறுகிறது. 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்வுபெற்ற நம் பெண்களை இந்தத் திரையிடலுக்குத் தனியாக அழைத்து, கலந்துரையாடலில் அவர்களை முதலில் பேசவிடுங்கள்.

மூன்றாவது படம் நம் மண்ணோடு தொடர்புடையது. இமாமுரா ஷோஹெய் 1975-இல் எடுத்த ஆவணப்படம், இளவயதில் ஜப்பானிலிருந்து கொண்டுவரப்பட்டுப் பாலியல் தொழிலில் தள்ளப்பட்டு மலேசியாவிலேயே முதுமையடைந்த ஒருவரின் வாக்குமூலம். கியூஷு தீவின் அமாக்குசா, ஷிமாபாரா போன்ற வறிய பகுதிகளிலிருந்து இவ்வாறு வந்த பெண்கள் "கராயுகி சான்" எனப்பட்டனர். ஜார்ஜ்டவுனின் சிந்த்ரா சாலைப் பகுதியில் அவர்கள் இருந்த விடுதிகள் இயங்கின. நகரிலுள்ள ஜப்பானியர் கல்லறைத் தோட்டத்தில் அவர்களுள் சிலர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். திரையிடலன்று காலையில் அவ்விரு இடங்களுக்கும் பார்வையாளர்களை அழைத்துச் செல்வது மிகவும் பயனளிக்கும். இயக்குநரின் கேள்விகள் சில, ஒரு மூதாட்டியிடம் கேட்கத் தகாதவை என்று எனக்குத் தோன்றுகிறது. அதை மறைக்காமல் விவாதப் பொருளாக்குங்கள்.

சட்டத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. இணையத்தில் சந்தா கட்டிப் பார்ப்பது மண்டபத்தில் திரையிடும் உரிமையைத் தராது. உரிமையாளரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற வேண்டும். அத்துடன் 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி தணிக்கை வாரியத்தின் ஒப்புதலும் தேவை. இலங்கைப் போரைப் பற்றிய ஆவணப்படத்தை 2013-இல் கோலாலம்பூரில் ஒப்புதலின்றித் திரையிட்ட செயற்பாட்டாளர் ஒருவருக்கு 2017-இல் 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டதை நம்மவர் பலர் அறிவர்.

ஆங்கில வசனவரிகளைப் படிக்க இயலாத மூத்தோர் இருந்தால், படம் ஓடும்போதே மொழிபெயர்த்துப் பேசாதீர்கள். அது திரையில் பேசும் பெண்ணின் குரலை மூடிவிடும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை நிறுத்தி, நடந்ததைத் தமிழில் சுருக்கிச் சொல்லுங்கள்.

கலந்துரையாடலை ஜப்பானியச் சட்டத்திலுள்ள ஓர் உறுதியான செய்தியிலிருந்து தொடங்குவது நல்லது. அந்நாட்டுக் குடிமைச் சட்டம் திருமணமான இருவரும் ஒரே குடும்பப் பெயரைக் கொள்ள வேண்டும் என்கிறது. ஏறத்தாழ 95 விழுக்காட்டுத் தம்பதியரில் பெயரை மாற்றிக்கொள்பவர் மனைவியே. இந்தச் சட்டவிதி செல்லும் என்று 2015-இலும் 2021-இலும் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. திருமணத்திற்குப் பிறகும் அடையாள அட்டையில் தந்தை பெயரோடே இருக்கும் மலேசியத் தமிழ்ப் பெண்கள் இதைக் கேட்டதும், யாருடைய பெயரைத் தாங்குகிறோம் என்று தங்களையே கேட்டுக்கொள்ளத் தொடங்குவார்கள்.

ஜப்பானியச் செய்தியாளர் இத்தோ ஷியோரி, தமக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமை வழக்கைத் தாமே படமாக்கிய "பிளாக் பாக்ஸ் டைரீஸ்" (2024) ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. குழுவினர் ஒருவரையொருவர் நன்கு அறிந்த பிறகே இதைத் திரையிடுங்கள். பார்வையாளரில் அதே துயரத்தைச் சுமப்பவர் இருக்கக்கூடும் என்பதால், வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு உதவப் பினாங்கில் இயங்கும் டபிள்யூ.சி.சி. பெண்கள் மையத்திற்கு முன்கூட்டியே தெரிவித்து, அதன் தொலைபேசி எண்ணைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.